மொட்டைத் தலையில் ஒரு சூடு பார்ப்பு

எங்கள் குடியிருப்பில் ஒரு வதந்தி லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய் வந்தது. மூன்றாம் மாடி பஸ் டிரைவர் முடியை நேராக்கும் கருவி வாங்கியிருக்கிறாராம். அது போதாதென்று ஒரு ஹேர் டிரையரும் வந்து இறங்கியிருக்கிறதாம். டிரைவர் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

"விக்கு வெச்சுக்கப் போறாரு, அதுக்குத்தான் இந்தப் பவிசு" என்றார் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. காவலாளி ஒரு படி மேலே போய், "வேற யாருக்கோ வாங்குறாரு" என்று கண்ணடித்தார். இப்படியொரு செய்தியைச் சரிபார்க்காமல் விட்டால் தொண்டையில் சோறு இறங்காது. ஞாயிறு காலை, ஏணி இரவல் கேட்கிற சாக்கில் போய் நின்றேன்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் டிரைவரின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஈரமான சுருட்டை முடி இடுப்புவரை தொங்கியது. பின்னால் சீப்போடு டிரைவர்.

"உக்காருங்க, கைவேலையா இருக்கேன்" என்றார் திரும்பாமல்.

"தோள்பட்டை இறுகிப்போச்சுங்க, கை காதுக்கு மேல போகமாட்டேங்குது" என்றார் மனைவி. "விசாரணைக் கவுன்ட்டர்ல உக்காந்து நாள் பூரா ஜனங்களுக்கு முகம் காட்டுற வேலை. பரட்டையா போக முடியுமா? இன்னைக்கும் இவருக்கு என் தலையைச் சரிபண்ண வரலைன்னா, மதியம் பார்லர்ல காதோட வெட்டிடச் சொல்லியிருக்கேன்."

அவர் சொல்லி முடிக்கும்வரை டிரைவரின் சீப்பு அசையவில்லை.

"போன வாரக் கூத்தைக் கேளுங்க. நேராக்குற மெஷினை வாங்கிட்டு வந்தாரு. நான் நேரா வேணும்னு எப்பக் கேட்டேன்?"

"வளைவில்லாத ரோடுன்னா ஓட்டுறது சுலபம்னு நெனச்சேன்."

"அதை முழுச் சூட்டுல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. இன்ஜின் சூடேறாம வண்டியை எடுக்கக் கூடாதாம். வந்து ஒரு இழுப்பு. கழுத்தோரம் ஒரு கொத்து பொசுங்கி, வீடே நாறிப்போச்சு."

"டிப்போல அப்படித்தான் பழக்கம்."

"என் தலை என்ன டிப்போவா?"

அதற்குப் பிறகுதான் டிரைவர் மறுபடி கடைக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு டிரையரையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாராம். கை கடுக்காததாகப் பார்த்து எடுப்பதற்காக. விற்கிற பெண் மண்டையை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கா சார்?" என்று கேட்க, "ஆமாம்மா, முளைச்சதும்" என்றாராம். கடைசியில் எடை குறைந்த ஒன்று. அதில் குளிர்ந்த காற்றுக்குத் தனிப் பொத்தான். முனையில் மாட்ட, காற்றைப் பரப்பிவிடும் கிண்ணம்.

ஈரத்தைப் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய்ச் சிக்கெடுத்தார். பிறகு டிரையரைப் போட்டார். காற்றை முதலில் தன் மொட்டை மண்டையில் அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் ஒரு கொத்தைக் கிண்ணத்தில் ஏந்தி மனைவியின் தலையோடு சேர்த்துப் பிடித்தார். அடுத்த கொத்துக்கு மறுபடியும் முதலில் தன் மண்டை. உச்சியில் ஒரு வட்டம் செக்கச்செவேலென்று இருந்தது.

"எரியலையா?" என்றேன்.

"சூடுன்னா எனக்குத்தானே முதல்ல தெரியணும்."

ஊரையே ஹாரன் அடித்து விரட்டுகிற கை அது. ஒரு சுருள் காயும்வரை ஆடாமல் அசையாமல் காத்திருந்தது. மூச்சைக்கூடக் கொஞ்சம் அடக்கித்தான் விட்டேன். முடியை ஏந்தி ஏந்தி இறக்க, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எழுந்து நின்றன. முடிவில் குளிர்ந்த காற்று. நெற்றியோரம் ஒரு கிளிப்.

மனைவி கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார். டிரைவர் டிரையரின் வயரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். மனைவி போனை எடுத்தார்.

"பார்லரா? இன்னைக்கு வரலைம்மா. இல்ல, இன்னொரு நாளும் இல்ல. வேண்டாம்."

டிரைவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"உடனே சொன்னா தலைகால் புரியாது உங்களுக்கு. அப்புறமா சொல்றேன், பாக்கி வெச்சுக்கோங்க."

மழைக்காலமே வந்துவிட்டது. நேற்று மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். உச்சி வட்டம் நன்றாகவே சிவந்திருந்தது.

"சொல்லிட்டாங்களா?"

"எங்க? கேட்டா, வட்டியோட தரேங்கிறா" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.