தண்ணீருக்குப் பூச்சியம்

நேற்றுக் கடையில் யாரோ புனல் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிய மணம் மூக்கில் ஏறியதும், கோப்பாயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருடம், தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைச் சாக்கால் மூடிவிட்டுப் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய ஏற்றமான துலாவைத் திரும்பக் கட்டினார்கள். விடியமுன்னம் அண்ணை துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, அப்பா வாளியைப் பிடித்து ஊற்ற, துலா கிறீச்சிடும் சத்தத்திலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தத்திலும்தான் நான் தினமும் கண்விழிப்பேன்.

வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுத்த அன்று அப்பா கேட்டார்:

"என்ன விலைக்கு வித்தால் கையைக் கடிக்காது, பிள்ளை?"

வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதலாவது. விதை வெங்காயம், எரு, மருந்து, களை பிடுங்கிய பெண்களின் கூலி எல்லாவற்றையும் கொப்பித் தாளில் கூட்டினேன். மண்ணெண்ணெய் வாங்காததால் தண்ணீருக்குப் பூச்சியம் போட்டேன்.

"இதுக்குக் குறையக் கட்டாது. பிள்ளை கணக்குப் பாத்தவள்," என்று அப்பா பெருமையாகச் சொல்ல, எப்போதும் பேரம் பேசுகிற வியாபாரி அன்று உடனே சம்மதித்தார்.

அன்று பின்னேரம் அண்ணை வெடித்த உள்ளங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கு எவ்வளவு போட்டனீ?"

"ஒண்டும் இல்லை அண்ணை. எண்ணெய் வாங்கேல்லைத்தானே."

அண்ணை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை," என்றார்.

அந்தத் தாளை அப்பா கடைசிவரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். நான் சொல்லவேயில்லை.