மீன் தொட்டி வைத்த பல் கிளினிக்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் போய் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். போன ஆடி மாதம், வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோதே, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று தெறிக்க ஆரம்பித்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்துப் பார்த்தேன். கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறேங்க," என்றேன் கணவரிடம்.

அவருக்கு மனைத் தரகு. சட்டையின் இஸ்திரி கலைந்தாலே மானம் போய்விட்டதாக நினைப்பவர். "த பாரு, அங்க போய் நீ கியூவுல நின்னுக்கினு இருந்தா, நம்ம பார்ட்டிங்க யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

மாதம் பிறந்தால் வீட்டுக்கு வரும் அரசாங்கச் சம்பளம் அவருக்கு இனிக்கும். அரசாங்க ஆஸ்பத்திரி மட்டும் நாறும்.

அன்று சாயந்திரமே திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக் கதவு, ஏசி, பெரிய மீன் தொட்டி. முகக்கவசம் போட்ட டாக்டர் என் வாய்க்குள் சின்ன கேமராவை நுழைத்து, எதிரே டிவியில் என் பற்களைக் காட்டினார். அவ்வளவு பெரிதாகக் காட்டினால் யார் பல்லும் இடிந்த கோட்டை மாதிரிதான் தெரியும்.

"மூணு பல்லு போயிடுச்சி மேடம். மூணுக்கும் ரூட் கேனல் பண்ணி கேப் போட்டுடலாம். முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்குது, அதையும் அழகு பண்ணிக்கலாம்."

"வலிக்கிறது ஒண்ணுதானே டாக்டர்?"

"மத்த ரெண்டும் வலிக்கப் போவுது மேடம்."

பல் டாக்டரிடம் வந்தோமா, ஜோசியரிடம் வந்தோமா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. வீக்கத்துக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்வதாக எழுந்தேன். வெளியே வந்ததும் கணவர், "பாத்தியா, மேடம் மேடம்னு எப்பிடிக் கூப்பிடுறாரு!" என்று பூரித்தார். அந்த ஒரு சொல்லுக்காக என் வாயிலிருக்கும் அத்தனை பல்லையும் எழுதிக்கொடுத்திருப்பார்.

வீக்கம் வடிந்ததும், அவரிடம் சொல்லாமல் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. சீட்டு வாங்கி, ஒரு மணி நேரம் நின்று, கைப்பிடி கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆ காட்டும்மா," என்றார் முகக்கவசம் போட்ட டாக்டர். டார்ச்சை அடித்து ஒரு நொடி பார்த்தார். "ஒண்ணுதான் சொத்தை. புடுங்கிடலாம்."

"மத்த ரெண்டு?"

"அதுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். "சார், போன வாரம் மூணு பல்லும் போயிடுச்சின்னு சொன்னீங்களே. மீன் தொட்டி வெச்ச கிளினிக்குல?"

டார்ச் அணைந்தது. அடுத்து நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். டாக்டருக்கு மரியாதை ஞாபகம் வந்துவிட்டது.

"மேடம்... அது மிஷின்ல பாத்துச் சொன்னது. இங்க புடுங்கத்தான் நேரம் இருக்குது. பல்லு வேணும்னா சாயந்திரம் அங்க வாங்க."

"காலையில ஒரு சொத்தை, சாயந்திரம் மூணு சொத்தையா சார்?"

அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்த இளம் பெண் டாக்டர், தலையைத் திருப்பாமலே, "இவரு எழுந்ததும் இப்பிடி வந்து உக்காருங்கக்கா. அந்தப் பல்லக் காப்பாத்தப் பாக்கலாம். நாலஞ்சு தபா வரணும், அலுத்துக்கக் கூடாது," என்றார்.

அலுத்துக்கொண்டேன். தண்ணீர் வராத குழாய், மினுக்கும் விளக்கு, விளக்கு போனால் நானே என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்ட போன் வெளிச்சம். ஆஸ்பத்திரியை இந்த லட்சணத்தில் வைத்திருப்பவர்களை எந்த வாயால் வாழ்த்துவது? ஆனால் பல் நின்றுவிட்டது. வலியும் போய்விட்டது.

விஷயம் தெரிந்த கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கண்டாச்சிபுரத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில், "பல்லு இப்ப எப்பிடி இருக்குது அண்ணி?" என்று நாத்தனார் என்னைக் கேட்க, அவர் முந்திக்கொண்டு, "பாண்டில பெரிய டாக்டரு பாத்தாரு," என்றார்.

"இல்ல. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில, கியூவுல நின்னு, ஒரு லேடி டாக்டருகிட்ட பாத்துக்கினேன்," என்றேன், பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி. கணவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். நாத்தனார், ஐயோ பாவம் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

கை கழுவும் இடத்துக்கு அதே நாத்தனார் என் பின்னாலேயே வந்தாள். "அந்த லேடி டாக்டரு எந்தெந்த நாள்ல இருப்பாங்க அண்ணி? ஊட்டுக்காரருக்கு ரெண்டு பல்லு ஆடுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நாளைச் சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போகச் சொல்லாதே, வாயைத் திறந்தால்தான் பல்லைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன்.