சமையலறைக்கு எட்டாத சிக்னல்

காலையில் அவள் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. இந்த வாரத்தில் இரண்டாவது முறை. காப்பீட்டுக் கம்பெனி மேற்பார்வையாளர் செய்தி அனுப்பியிருந்தாள்: மத்தியானம் நானும் லைனில் இருந்து கேட்பேன், இன்னொன்று அறுந்தால் நாளை முதல் வர வேண்டாம். வீட்டிலிருந்து பார்க்கிற வேலைக்கு எங்கே வராமலிருப்பது என்று படித்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

கணவன் பஸ் டிரைவர். விடியுமுன் முதல் வண்டி. பதினோரு மணிக்கு வந்து படுத்தால் நாலு வரை படுக்கையறை அவனுடையது. வைஃபை பெட்டியும் அங்கேதான், இரும்பு பீரோவின் தலைமேல். அவள் வேலை சமையலறையில், அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே. வயரை நீட்டித் தர கேபிள்காரன் பத்து நாள் தவணை சொல்லியிருந்தான்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "புது வைஃபை பூஸ்டரை எங்க வச்சீங்க அண்ணி?"

"பக்கத்துலயே, ஃபிரிட்ஜ் மேல."

"தண்ணி வராத குழாயில மோட்டார் மாட்டின கதைதான். நடுவழியில வைக்கணும்."

"நடுவழியில பிளக் பாயின்ட் எங்க இருக்கு?"

"அப்போ நீங்களே உள்ள போய் உட்காருங்க. எங்கண்ணன் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி."

போன மாதம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் கண் சொருகிவிட்டது என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவள் பகலில் குக்கர்கூட வைப்பதில்லை.

இரண்டு மணிக்கு, பூனைபோல் உள்ளே போய் பீரோவின் காலடியில் உட்கார்ந்தாள். சிக்னல் முழுசாக இருந்தது. முதல் அழைப்பு ஒரு பெரியவர்.

"ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லும்மா."

பாலிசி எண்ணைச் சொன்னாள். இன்னும் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் முறை சொல்லும்போது குறட்டை நின்றது. லைன் நிற்கவில்லை.

அழைப்பு முடிந்ததும் மேற்பார்வையாளர் குரல் வந்தது. "இப்போ தெளிவா இருக்கு. இனிமே இந்த இடத்தை விட்டு மாறாதீங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கேட்டான். "முடிஞ்சுதா?"

"ஆறு மணி வரைக்கும் இருக்கு. நீங்க தூங்குங்க."

"தூங்கிட்டுதான் இருக்கேன். பேசு."

நாளைக் காலை அவனுக்கு முதல் வண்டி நாலரைக்கு. அடுத்த அழைப்பு வந்தது. வாயருகே கையைக் குவித்துக்கொண்டு எடுத்தாள்.