ஐஸ்லாந்தில் பவானி முழுகிய வெந்நீர்

ஹோட்டல் ஷவரைத் திறந்ததுதான் தாமதம்... கூழ்முட்டை மணம்! ஒரு முட்டை இல்லை, ஒரு கோழிப்பண்ணையையே உடைத்து ஊற்றின மாதிரி.

என் மனிசி பவானி துவாயோடு வெளியே ஓடி வந்தாள். "இஞ்சேருங்கோ, கக்கூஸ் பைப் உடைஞ்சு போச்சுப் போல கிடக்கு. கீழ போய்ச் சொல்லுங்கோ!"

"உமக்கு விசரே? அது கந்தகம். பூமிக்குள்ள இருந்து நேரா வாற சுடுதண்ணி."

முதல்நாள் பிளேனில் ஒரு புத்தகத்தில் பார்த்ததுதான். ஆனாலும் விஞ்ஞானம் எனக்கு இரத்தத்திலேயே ஊறினது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் மட்டும் சரிவராமல் போனது, வாத்தியாருக்கு என்மேல் இருந்த பொறாமையால்.

ஏன் ஐஸ்லாந்து என்று கேட்பீர்கள்.

அதற்கு நாலு மாதம் முந்தி பவானியின் அப்பா திருகோணமலையில் காலமானார். எங்கள் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர. அவளுடைய தம்பிமார் அங்கே கன்னியா வெந்நீரூற்றில் முப்பத்தோராம் நாள் கிரியை செய்து முழுகினார்கள். பவானி லண்டனில், மிச்சம் என்கிற இடத்தில் எங்கள் வீட்டு ஷவருக்குக் கீழே நின்றாள். நிறைய நேரம் நின்றாள்...

"அப்பாவை நினைச்சு ஏழு செம்பு ஊத்துத்தண்ணி தலையில வாத்தால் எனக்கு மனம் ஆறும்," என்றாள் ஒருநாள். அவ்வளவுதான் கேட்டாள்.

விடுவேனா நான்?

"கன்னியாவில ஏழு கிணறுதானே? ஐஸ்லாந்தில எழுநூறு கிடக்கு! கன்னியாவில நான் எத்தினை தரம் முழுகினவன் தெரியுமே? கோயில் கேணி மாதிரிப் பெரிசு. நீந்திக் குளிச்சனான். அதே தண்ணிதான், போற இடமெல்லாம் குளிக்கலாம்."

விசா எடுத்து, லீவு எடுத்து, வெளிக்கிட்டோம். என்னோடு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த தயாவும் கார் ஓட வந்தான். பவானியின் ஹாண்ட்பாக்கில் ஒரு செம்பு.

வெந்நீரூற்றுகள் இருந்த பூங்காவுக்குள் பலகைப் பாதை. இரண்டு பக்கமும் நிலம் புகைந்துகொண்டிருந்தது. முதலில் சேற்றுக் குளம். சாம்பல் நிறச் சேறு உளுத்தங்கஞ்சி மாதிரிக் கொதித்தது. ஒவ்வொரு குமிழும் மெல்லப் பெருத்து, பளபளத்து, 'ப்ளக்' என்று உடையும்.

"அண்ணை, கீழ மொட்டைத்தலையர் கூட்டமொண்டு நிண்டு எட்டிப் பாக்குது," என்றான் தயா.

அடுத்தது ஊற்றுகள்... நடுவில் மயில்கழுத்து நீலம், விளிம்பில் மஞ்சள், அதற்கும் வெளியே துருச் சிவப்பு. இன்னொன்று பால் வெள்ளை. ஏன் இந்த நிறங்கள் என்று பவானி கேட்டாள். மண்ணில் இருக்கிற தாதுக்கள் என்று அறிவிப்புப் பலகையில் கிடந்ததை, நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன்.

பிறகு கீசர் என்கிற பீறிட்டுப் பாயும் ஊற்று. குழிக்குள் தண்ணீர் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. திடீரென்று நீலக் கண்ணாடிக் குண்டு போல உப்பி... ஸ்ஸ்ஸ் என்று ஒரு பனை உயரம்! லண்டனில் சொல்லும்போது இரண்டு பனை. தயா பக்கத்தில் இல்லையென்றால் மூன்று.

நான் வாய் பிளந்து நிற்க, பவானி பலகையை வாசித்துக்கொண்டு நின்றாள். நூறு பாகை. கயிற்றைத் தாண்டக் கூடாது. தொடக் கூடாது.

"குளிக்கலாமெண்டு சொன்னனீங்களே..."

"குளிக்கலாம் அக்கா," என்றான் தயா. "ஒருக்காத்தான்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பிளேன். செம்பு ஹாண்ட்பாக்குக்குள்ளேயே கிடந்தது.

"பவானி, நான் கன்னியாவுக்குப் போனதே இல்லை," என்றேன்.

"தெரியும். அங்க ஆரும் நீந்தேலாது. ஒவ்வொண்டும் சின்னக் கிணறு. வாளியால அள்ளித்தான் வாக்கிறது."

"பிறகேன் என்னை நம்பி வந்தனீர்?"

"ஆர் நம்பினது? என்னைக் கூட்டிக்கொண்டு வரவேணுமெண்டு இவ்வளவு புளுக வேறை ஆர் இருக்கினம்?"

பிறகு, ஊற்று வழிந்து ஓடுகிற வாய்க்காலைப் பார்த்தாள். "கன்னியாவில ஏழு கிணறும் ஏழு சூடு. அப்பா என்ரை கண்ணைப் பொத்தி, விரலைத் தோய்க்க வைச்சு, எது எந்தக் கிணறெண்டு கேப்பார். போகப் போக இந்தத் தண்ணியும் ஆறும்தானே?"

காவல் நின்ற பெண்ணிடம் நான் என் உயர்ந்த இங்கிலீஷில் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பவானி மூன்று சொல்லில் கேட்டாள்: "வேர் வாட்டர் கூல்?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டு மலையடிவாரத்தைக் காட்டினாள். அங்கே ஒரு குளிர் ஓடை வந்து கலக்கிறதாம். அதில் சனங்கள் குளிப்பார்களாம்.

அரைமணி நேர நடை. காற்று காதைக் கொண்டுபோனது. ஓடைக்கரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விரலை வைத்துப் பார்த்தாள். "இது சுடும்... இது இன்னும் கொஞ்சம்... இது சரி." உடுத்த உடுப்போடு ஒரு கல்லில் இருந்து செம்பால் வார்த்தாள். தயா தொப்பியைக் கழற்றி அந்தப் பக்கம் திரும்பி நின்றான். நான் அவளுடைய கோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழாவதுக்குப் பிறகு அவள் தலைமயிரில் இருந்து ஆவி பறந்தது...

இப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நினைத்தால் ஊர். கீசரைப் பார்க்க பிளேனும் தேவையில்லை, போனிலேயே பாயும். பிள்ளைகளுக்கு அது பத்து செக்கன் வீடியோ. அந்த மணத்தை எப்படிச் சொல்லிக் காட்டுவது?

போன வருடம்தான் முதல்முறையாகக் கன்னியாவைக் கண்டேன். உண்மைதான், சின்னச் சின்னக் கிணறுகள். பவானி ஒரு வாளி வார்த்துவிட்டுத் துவாயைக் கேட்டாள்.

"என்ன, அப்பாவுக்கு ஏழு வாக்கேல்லையோ?"

"அது அங்க வாத்தாச்சு," என்றாள். "இது சும்மா குளிச்சது."