தும்புத்தடியில் பொருத்திய கண்ணாடி

அந்தக் கண்ணாடி கொழும்பில், அக்காவின் கொட்டாஞ்சேனை வீட்டின் முன்கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவு. அக்காவின் சீதன அலுமாரி கலவரத்தில் உடைந்தபோது மிஞ்சிய பெரிய துண்டு அது. அத்தான் அதன் ஓரங்களைச் சீமெந்துப் படியில் தேய்த்து மழுக்கி, ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, தும்பெல்லாம் கொட்டிப்போன, வீடு கூட்டும் பழைய தும்புத்தடியின் நுனியில் சரிவாக ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, இது எதற்கு என்று கேட்பார்கள். "வாகனத்துக்குக் கீழ பாக்க" என்பார். அவர்கள் சிரித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். குண்டு இருக்கிறதா என்று வாகனத்துக்குக் கீழே கண்ணாடி விட்டுப் பார்ப்பது ஆமிக்காரர்களின் வேலை என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். அதே வேலைக்கு ஒரு தமிழன் தன் வீட்டில் கண்ணாடி செய்து வைத்திருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வத்தளையில் பேக்கரி, மருதானையில் அச்சுக்கூடம், இடையில் கொஞ்சக் காலம் வளைகுடா என்று எங்கும் நிலைக்காமல் திரிந்து, ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அத்தானுக்குப் பிக்கப்பில் பெட்டி ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் படுக்க இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் ஏற்பாடு. அத்தான் துறைமுகப் பக்கத்துக் கத்தோலிக்கர்; யாழ்ப்பாணத்தை ஒரே ஒரு தடவை, அக்காவைக் கலியாணம் கட்ட வந்தபோது பார்த்தவர். விடியற்காலையில் சந்தையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில். பிக்கப் ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும். நின்றால் எரியாது. வேறு வரும்படி இல்லை.

மீன் ஏற்றும் வண்டிக்கு எமன் அடியில்தான் இருக்கிறான். ஐஸ் உருகி, மீனின் உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர் பின்தட்டின் இடுக்குகளால் ஒழுகி, வண்டி முழுவதையும் தாங்கும் சேசிஸ் சட்டத்தில் இறங்கும். போதாததற்கு வெள்ளவத்தைக் கடல்காற்று. அந்தப் பிக்கப்பை அத்தானுக்கு விற்றவர், துருவைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே தடிப்பாகத் தார் பூசி விற்றிருந்தார். வெளியே கறுப்பாக மினுங்கியது. உள்ளே துரு தின்றுகொண்டிருந்தது. அத்தான் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு கீழே போய்விடுவார். முதலில் நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவுவார். காய்ந்த பிறகு சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டு போவார். நல்ல இரும்பு கணீரென்னும். உளுத்த இரும்பு சும்மா தொப்பென்னும். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, செங்காவி நிறத்தில் ஒரு பூச்சும் அதன்மேல் மெல்லியதாகத் தாரும் பூசுவார். சட்டத்தின் உட்பக்கத்துக்குக் கழிவு எஞ்சின் ஒயிலை ஊற்றுவார். தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனிக்காரன் விட்ட துளைகளை மீன்செதில் அடைத்துவிடும். அவற்றை ஒரு வளைந்த கம்பியால் குத்தித் திறப்பார். தலையை நுழைக்க முடியாத இடங்களுக்குத்தான் அந்தக் கண்ணாடி.

பக்கத்தில் படுத்திருக்கும் என் கண்ணில் துருத்தூள் கொட்டும். மாதக் கணக்காகப் பல்லுக்கொதியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்த மனிதர், வண்டியின் ஒரு ஓட்டைக்கு இப்படி மினைக்கெடுவது எனக்குப் புதிராக இருந்தது.

"அத்தான், உங்கட பல்லையும் ஒருக்கா உந்தக் கண்ணாடியில பாருங்கோவன்."

"பல்லு விழுந்தா கஞ்சி குடிக்கலாம், மச்சான். சேசிஸ் விழுந்தா கஞ்சியும் இல்ல."

வெள்ளவத்தைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. அங்கே இருந்த கண்ணாடி பெரியது, சில்லுப் பூட்டியது, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் உண்டு. மற்றவர்கள் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். அத்தான் இறங்கிக் குந்திவிடுவார். "மல்லி, பொட்டக் வமட்ட" என்பார். தம்பி, கொஞ்சம் இடப்பக்கம். தன் கண்ணாடிக்கு எட்டாத ஒரு குறுக்குச் சட்டம் அவர்களுடைய கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்ததாம். நாளடைவில் அங்கே நின்ற பையன்களுக்கு அது பழகிவிட்டது. "என்ன அய்யே, குண்டு இருக்கா?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்பான். "குண்டு இல்ல மல்லி, மலகட" என்பார் இவர். அய்யே என்றால் அண்ணன், மலகட என்றால் துரு. அவன் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பான். அந்தச் சிரிப்பை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் நான் முன்சீற்றில் இருப்பேன்.

ஒருநாள் பழைய ஆட்கள் இல்லை. எல்லாம் புதுமுகங்கள். அத்தான் வழக்கம்போல இறங்கிக் குந்தி, வழக்கம்போலச் சொன்னார். கண்ணாடி பிடித்திருந்தவன் அதை வெளியே இழுத்துவிட்டு அவரைப் பார்த்தான். பிறகு பின்தட்டில் ஏறினான். கடைகளில் பெட்டி இறக்கும் நேரத்தில் கீழே பார்ப்பதற்காக அத்தான் எங்கள் கண்ணாடியையும் கொண்டுவந்திருந்தார். அது ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது. அவன் அதை எடுத்து, தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தான். இரண்டும் ஒரே சரிவு. இது எதற்கு என்று கேட்டான். துருப் பார்க்க என்றார் அத்தான். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கேட்டபோது எனக்கே அது பொய்யைப்போல இருந்தது. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வெள்ளவத்தைக்குப் போய் மீனைக் கொடுத்தேன்.

"இந்த மனுசனுக்கு விசரே?" என்றாள் அக்கா. "ஆமிக்காரனிட்டப் போய்க் கண்ணாடியை இஞ்சால பிடி, அங்கால பிடி எண்டு ஆரும் சொல்லுவினமே?" பிறகு முகத்தைக் கழுவி, சீலை மாற்றிக்கொண்டு மாதாகோயில் பங்குச் சுவாமியைத் தேடிப் போனாள். அவளும் சுவாமியும் ஒரு பொலிஸ் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தார்கள். ஓரிடத்தில் இங்கே இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில் நாளைக்கு வா என்றார்கள். நான் வண்டியை ஓட்டினேன். அதே சாவடி, அதே கண்ணாடி. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கிழமை திரும்புவதற்குள் ஒரு பகல் அத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. கண்ணாடி கையில் இல்லை. தேத்தண்ணி குடித்தார். பிக்கப்பைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தார், ஆனால் குனிந்து பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். மாத்தறைப் பக்கத்துப் பெரிய அதிகாரி ஒருவர் விசாரித்தாராம், அவருடைய தகப்பனும் மீன்காரராம், துரு என்றதும் விளங்கிக்கொண்டு விட்டாராம் என்று ஒருதரம் சொன்னார். கண்ணாடியைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை, அக்காவின் ஊரைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று இன்னொருதரம். ஜீப்பொன்றின் அடியைக் காட்டி, இதில் எங்கே துரு என்று கேட்டார்கள் என்று பிறகொருநாள், கொஞ்சம் குடித்திருந்தபோது. மூன்றும் நடந்திருக்கலாம். ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு பூசையால் வந்தவர் கதிரையில் சாய்ந்திருந்து பேப்பர் பார்த்தார். நான் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன்.

"வை அதை" என்றார். "கீழ புதுசாத் தார் கண்டா, ஏன் புதுசு எண்டு கேப்பான். துருவைப் பத்தி ஒருத்தனும் கேக்கமாட்டான்."

"பேந்து சேசிஸ் விழுந்தா?"

அக்கா குசினி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "விழட்டும். மனுசன் இருக்குது, போதும்."

அவள் சொன்னது சரி. பிக்கப் போனால் அந்த மனிதனுக்குச் சோறு போட வழியில்லை என்பதும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில், கையில் பிரஷ்ஷோடு நான் நின்றேன். மாதங்கள் போயின. தார் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. துளைகளைச் செதில் அடைத்தது. திருப்பங்களில் பின்தட்டு முனகத் தொடங்கியது.

பிறகு ஒருநாள் அந்தச் சாவடியில் ஒரு பையன் கண்ணாடியை உள்ளே விட்டவன் வெளியே எடுக்கவில்லை. ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அத்தானின் பக்கத்துக்கு வந்து, "அய்யே, மலகட" என்றான். சட்டம் பாதிக்குமேல் போய்விட்டது, உடனே பார்க்க வேண்டும் என்றான். நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு, இறங்கிப் பார்க்கச் சொல்லி, கண்ணாடியை அவர் பக்கமாகத் திருப்பியே பிடித்தான். கேட்காமலே, இடப்பக்கமாக. அத்தான் இறங்கவில்லை. குனியவும் இல்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேரே வீதியைப் பார்த்து, "ஹரி மல்லி, ஹரி" என்றார். சரி தம்பி, சரி. அந்தப் பையனின் முகத்தில் இருந்தது கோபமா, வருத்தமா என்று நான் பிரித்தறியுமுன் வண்டி நகர்ந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது கொட்டாஞ்சேனையில், மீன் பாரத்தோடு, சேசிஸ் ஒடிந்து பிக்கப் வீதியில் குந்தியது. ஒருவருக்கும் காயமில்லை. மீனை அயலவர்கள் எடுத்துப்போனார்கள். அத்தான் வத்தளையில் ஒரு களஞ்சியத்தில் காவலுக்கு நின்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வேறிடம் போனேன். சண்டை முடிந்த பிறகு, கலியாணம் கட்டிக் கனடா போயிருந்த அவர்களுடைய மகள் இருவரையும் அங்கே எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் வாடகை வான் ஓட்டுகிறேன். போனமாதம் கொம்பனித்தெருவில் ஒரு மாடிக்கட்டிடத்தின் வாசலில் காவலாளி வானுக்குக் கீழே கண்ணாடியை விட்டான். இன்னும் சில இடங்களில் அந்தப் பழக்கம் இருக்கிறது. என்னை அறியாமல் இறங்கிக் குந்தி, "மல்லி, பொட்டக் வமட்ட" என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் நகர்த்தினான். கண்ணாடியில் சுத்தமான கறுப்பு இரும்பு தெரிந்தது. பின்னால் நின்ற வாகனம் ஹோர்ன் அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். "இங்க பனி காலத்தில ரோட்டுக்கே உப்புக் கொட்டுறான் மச்சான், கேட்டியா? ரோட்டுக்கு!" என்று சிரித்தார். மருமகனின் காருக்குக் கீழே பார்க்கிறவரா என்று கேட்டேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் பார்ப்பான் என்றார். அப்போதுதான் அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் அதை வைத்துக்கொண்டார்களா, உடைத்தார்களா, என்ன செய்தார்கள் என்று.

"எந்தக் கண்ணாடி?" என்றார். "அக்காட அலுமாரிக் கண்ணாடியா? அது கலவரத்திலயே உடைஞ்சு போச்சே, மச்சான்."