சித்தப்பாவின் கை நடுங்காத வாரம்

எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு மட்டும் அரைக் குவளைக்கு மேல் தேநீர் ஊற்றமாட்டார்கள். கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. முழுக் குவளையைக் கொடுத்தால் பாதி அவருக்கும் பாதி தரைக்கும் போய்விடும். அவர் கை எப்போதும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். வலிப்புக்காக அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை செய்த வேலை அது. கடைசியாக வலிப்பு வந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஆட்டம் மட்டும் நின்றபாடில்லை. தூக்கத்தையும் அந்த மாத்திரை விட்டுவைக்கவில்லை. கெலுகோரில் எங்கள் பிளாட்டின் கூடத்தில் படுத்துக்கொண்டு விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கால் உதறும், மறுபடி விழித்துக்கொள்வார்.

எனக்கு அப்போது எட்டு வயது. எல்லா வீட்டுச் சித்தப்பாக்களுக்கும் கை ஆடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவைவிட அவரைத்தான் எனக்குப் பிடிக்கும். அப்பாவுக்கும் அது தெரியும்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அந்தக் கை வீட்டில் ஒரு பிரச்சினையானது. பெண்ணுக்கு ஊர் பாலிக் புலாவ், பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டாவது முறை சந்தித்தபோதே சித்தப்பா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா குதித்த குதியில் கீழ் வீட்டுச் சீனப் பாட்டி மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பெண் சரி என்று சொல்லிவிட்டார். அப்பாவின் கவலை உடனே வேறு இடத்துக்கு மாறியது. பெண்ணுக்குத் தெரியும், பெண்ணின் சொந்தக்காரர்களுக்குத் தெரியாதே. தாலி கட்டும்போது மண்டபமே மாப்பிள்ளையின் கையைத்தான் பார்க்கும். மற்ற முடிச்சுகளை அத்தை போட்டுவிடுவார், நாத்தனார் என்று ஒருவர் இருப்பதே அதற்குத்தான். முதல் முடிச்சை மட்டும் மாப்பிள்ளைதான் போட்டாக வேண்டும்.

ஆகவே பயிற்சி தொடங்கியது. முதலில் நாற்காலியின் முதுகில் கட்டிப் பார்த்தார். நாற்காலிக்குக் கழுத்து போதவில்லை. பிறகு என் கழுத்துக்கு வந்தார். மஞ்சள் கயிற்றைத் தொடவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் என் பள்ளிச் சப்பாத்தின் வெள்ளைக் கயிறுதான் தாலி. சாயங்காலம் அவர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொள்வேன். இரண்டு முனைகளும் என் பிடரியில் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டிருக்கும். கூச்சத்தில் நான் நெளிவேன், அவர் திட்டுவார், இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்போது கயிறு தரையில் கிடக்கும். முடிச்சு மட்டும் விழவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பாவமாக இருக்கும்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது கை ஆடுவது நின்றது. ஒரு சாயங்காலம் முடிச்சு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. ராத்திரியில் சித்தப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். எல்லாம் கல்யாணக் களை என்றார் அம்மா. அப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். என் கழுத்தின் ராசி என்று நான் பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சேலை பார்ப்பதற்காகச் சித்தி வந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவரை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா தானே அடுப்படிக்குப் போய் விளிம்பு வரைக்கும் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தி குவளையை வாங்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார், அப்புறம் சேலைப் பெட்டியைப் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்சதும் சாப்பிட்டுக்கலாம்லா. கொஞ்ச நாளைக்குத்தானே நிறுத்தியிருக்கேன்."

"கை ஆடுனா மருந்து உள்ள இருக்கு, பயப்படாதன்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப ஆடல. நான் பயப்படவா வேணாமா?"

சித்தப்பா குவளையை மேசைமேல் வைத்தார். சித்தி மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் குரல் உடைந்திருந்தது. "மேடையில வலிப்பு வந்தா தூக்கி உக்கார வச்சுக்கலாம். ரோட்ட தாண்டும்போது வந்தா?"

மறுநாளே சித்தி லீவு போட்டுவிட்டு வந்து சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் நன்றாகத் திட்டித் தீர்த்தாராம். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நின்றுபோன வலிப்பு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரலாம், தொந்தரவு இருந்தால் வந்து சொல்வதற்கு என்ன என்று கேட்டாராம். அளவைக் கொஞ்சம் குறைத்து, சாப்பிடும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். தூக்கம் ஓரளவு தங்கியது. கையும் முன்னளவுக்கு இல்லை, ஆனாலும் ஆடத் தொடங்கிவிட்டது. சித்தி தினமும் போன் செய்து மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பார். நான்தான் போனை எடுப்பேன், பதில் சொல்லாமல் சித்தப்பாவிடம் நீட்டிவிடுவேன். எத்தனை சாயங்காலம் கழுத்தைக் கொடுத்திருக்கிறேன், எல்லாம் இந்தச் சித்தியால் பாழாகிவிட்டதே என்று அவ்வளவு கோபம்.

கல்யாணத்தன்று மேளம் உச்சத்துக்குப் போனது. நான் விளக்கை ஏந்திக்கொண்டு மணமக்களுக்குப் பின்னால், அத்தைக்குப் பக்கத்தில் நின்றேன். சித்தப்பாவின் விரல்கள் மஞ்சள் கயிற்றோடு ஆடின. ஒரு முனை நழுவியது. அரிசி போடத் தயாராக இருந்தவர்கள் கையை ஓங்கியபடியே காத்திருந்தார்கள். அப்போது சித்தி பூவைச் சரிசெய்வதுபோல் கையைப் பின்னால் கொண்டுவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு விழுந்தது. பொண்ணுக்கு என்ன அவசரம் பார் என்று யாரோ ஒரு அம்மாள் சொல்ல, பெண்கள் பக்கம் சிரித்தார்கள். சித்தி தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விருந்து முடிந்து, சித்தப்பாவைப் பெண் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் காரில் ஏறினோம். மலைப்பாதை முழுவதும் நான் அழுதுகொண்டே வந்தேன். சித்தப்பாவைப் பிரிந்த ஏக்கம் என்று அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். அதற்காக இல்லை. அவர் கையைத் தினமும் ஆடவைக்கப் போகிற ஒருத்தியிடம் அவரைத் தனியாக விட்டுவிட்டு வருகிறோமே என்றுதான் அழுதேன்.