கஹ என்றால் மஞ்சள்

நாகேந்திரம் என் கணவர். ஊரில் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர், கொழும்புக்கு வந்து, தரையில் விரிக்கிற காப்பெட்டைக் கழுவுகிறவரானார். "காப்பெட் கழுவுறதும் ஒரு தொழிலோ?" என்று என் பக்கத்துச் சொந்தக்காரர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அதை நான் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதபடியால், இனி இவர் என்று எழுதினால் அது என் மனிதர்தான்.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதற்கு அடுத்த வருஷம் கொழும்புக்கு வந்தோம். எங்களைக் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ட், எங்கள் காசோடு தான் முதலில் அங்கே போய் இறங்கிவிட்டான். எங்களுக்கு மிஞ்சியது வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டின் பின்னறை. வீட்டுக்காரி நாகேஸ்வரி அன்ரி, வங்கி மனேஜராக இருந்து காலமானவரின் மனைவி. அந்த நாளில் யாழ்ப்பாண அடையாள அட்டையைக் கண்டதும் "அறைக்கு ஆள் வந்திட்டுது தம்பி" என்று கதவைச் சாத்துவார்கள். அன்ரி சாத்தவில்லை. பொலிசுக்குத் தானே எங்களோடு வந்து, தன் வீட்டு ஆட்கள் என்று பதிந்துவிட்டார். அந்த அறை போனால் பதிவும் போகும். பதிவில்லாமல் தெருவில் நின்றால் பொலிஸ் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அன்ரி சொன்னால் இவர் தலையால் நடப்பார். நானும் நடந்தேன், முணுமுணுத்துக்கொண்டு.

முதலில் இவர் சேர்ந்தது கோட்டைப் பக்கத்தில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் ஒரு கொம்பனியில். அங்கே பிரஷ் சுழலும் மெஷின் ஒன்றுதான் இருந்தது. நுரை வரும், ஊத்தை மேலே கிளம்பும், உறிஞ்சி எடுக்க வழியில்லாததால் திரும்ப உள்ளேயே இறங்கும். காப்பெட் நாட்கணக்காகக் காயாது. திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். "நாங்கள் ஊத்தையைக் கழுவேல்லை சேர், ஊறப்போடுறம்" என்று மனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தார். மனேஜர் அடுத்த நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாய் அடங்காத மனிதர் என்று நான் ஏசினேன். ஆனால் சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு சொந்த மெஷின் தேட வெளிக்கிட்டார். சண்டையால் வெள்ளைக்காரர் வரத்துக் குறைந்து, ஹோட்டல்கள் சாமான்களை விற்ற காலம் அது. மருதானையில் ஒஸ்வால்ட் என்றொருவர் பழைய மெஷின்களை வாங்கித் திருத்தி விற்பவர். அவருடைய பட்டறைக்கு இவரோடு நானும் போனேன், போகாவிட்டால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்.

ஒஸ்வால்ட் முதலில் காட்டியது இரும்பு உருளை ஒன்று. முகப்பில் முள் ஆடுகிற மீட்டர் இரண்டு, பக்கத்தில் தடித்த குழாய். சுடுதண்ணியைப் பீய்ச்சி அடித்து அதே வேகத்தில் உறிஞ்சும். ஈரத் துவாயைக் கீழே விரித்துப் பார்த்தோம். வெயிலில் போட்டு எடுத்ததுபோல் காய்ந்துவிட்டது. "இதை விட்டால் வேற கிடைக்காது அண்ணை" என்றார் ஒஸ்வால்ட். இவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த செம்மஞ்சள் பிளாஸ்டிக் மெஷினைக் கேட்டார். மூடி கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். பெரிய வாளிக்குச் சில்லுப் பூட்டியது போலிருந்தது. உறிஞ்சல் கொஞ்சம் குறைவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, இது பிள்ளையளைக் குளிப்பாட்டுற சாமான் மாதிரியெல்லோ இருக்கு?"

"சிரியும், சிரியும். அந்த இரும்புருளையை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போய் சென்றியிலை இறக்கிப் பாரும். மீட்டரும் வயரும் குழாயும். ஆமிக்காரன் என்னத்தை நினைப்பான்? இதெண்டால் மூடிக்குள்ளாலை ஊத்தைத்தண்ணி தெரியும். பாத்திட்டுப் போ எண்டுவான்."

வெள்ளவத்தையிலிருந்து, வேலை கிடைக்கிற கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றாலே வழியெல்லாம் சென்றி, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற காவலரண். உறிஞ்சலைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். இவர் பார்த்தது வேறு: கொட்டாஞ்சேனை மாடிப்படிகளில் ஒரு ஆள் தனியாகத் தூக்கலாமா, பழைய வீட்டு வயரில் கொழுவினால் பியூஸ் போகுமா, துவக்கோடு நிற்கிறவனுக்கு ஒரு பார்வையில் விளங்குமா. மூன்றுக்கும் சரிவந்தது அந்த வாளிதான்.

தண்ணியில் கலக்கும் சாமானையும் அப்படித்தான் தெரிந்தெடுத்தார். காப்பெட்டின் மூலையிலிருந்து ஒரு நூலை இழுத்துக் கொளுத்தி மணப்பார். மயிர் கருகிய மணம் வந்தால் கம்பளி. அதற்கு மெதுவான சோப்புத்தான், கடைசியில் வினாகிரி கலந்த தண்ணி. உருகி மணியாகத் திரண்டால் நைலோன். அது கொஞ்சம் காரமான சாமானையும் தாங்கும். தூள் வகை என்றால் தொடமாட்டார். தமிழனின் பையில் வெள்ளைத் தூள் இருந்தால் விளக்கம் சொல்லியே விடிந்துவிடும். போத்தல் எல்லாம் சிங்கள லேபிளோடு இருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் பூச்சிக்கு அடிப்பதையும் மருந்து என்போம், வயலுக்குப் போடுவதையும் மருந்து என்போம், வெடிக்கிறதையும் மருந்து என்போம். "காப்பெட்டுக்கு என்ன மருந்து போடுறனீங்கள்?" என்று ஓட்டோவுக்குள் யாராவது கேட்டால் இவருக்கு வேர்த்துவிடும். "சோப், சோப் எண்டு சொல்லுங்கோ" என்பார்.

இவ்வளவு யோசித்தும் ஒரு சொல் இவரைப் பகிடிக்கு ஆளாக்கிவிட்டது. கிராண்ட்பாஸ் சென்றியில் என்ன வேலை என்று கேட்டபோது "காப்பட் வேலை" என்றிருக்கிறார். இந்த நாட்டில் காப்பட் என்றால் முதலில் தார் ரோட்டுத்தான். "அப்ப தார் எங்கே, ரோலர் எங்கே?" என்று அங்கே நின்ற ஆமிப் பொடியன் வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தானாம். அதற்குப் பிறகு அந்த வழியால் போனால் "ஆ, ரோட் மாத்தயா!", ரோட்டு ஐயா, என்று கையைக் காட்டி விட்டுவிடுவான்.

இனி அன்ரியின் காப்பெட்டுக்கு வருகிறேன். அவருடைய கணவர் குவைத்துக்குப் போனபோது வாங்கி வந்தது, பால்கட்டி நிறம். செருப்போடு அதில் கால் வைத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. லண்டனிலிருந்து அன்ரியின் மகன் வந்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கலியாண எழுத்து, அதாவது பதிவு, என்று முடிவாகியிருந்தது. காப்பெட்டின் நடுவில் கையகலத்துக்கு ஒரு கறை.

"என்ன பட்டது அன்ரி?" என்று இவர் கேட்டார்.

"விளக்கெண்ணெய் ஊத்துப்பட்டுப் போச்சு. வேறையென்ன?"

இவர் நூலைக் கொளுத்தினார்: நைலோன். சோபாவுக்கு அடியில் ஒரு மூலையில் சாமானைத் தடவிச் சாயம் போகிறதா என்று பார்த்தார், போகவில்லை. எண்ணெய்க் கறைக்குக் காரமானதுதான் சரி என்று ஒஸ்வால்டிடம் புதிதாய் வாங்கிய சாமானை எடுத்தார். பெரிய பிளாஸ்டிக் கானிலிருந்து போத்தலில் ஊற்றிக் கொடுத்தது, லேபிள் இல்லை. "லேபிள்?" என்று நான் கேட்டேன். "வீட்டுக்குள்ளதானே, சென்றியே இருக்கு?" என்றார்.

ஊற்றிப் பிரஷ் போட்ட உடனே கறை சிவந்தது. முதலில் ஓரம், பிறகு நடு, பிறகு நுரையெல்லாம். ஆட்டை அறுத்த இடம் மாதிரி வந்துவிட்டது. இவர் பதறிப்போய்ச் சுடுதண்ணி அடித்தார், இன்னும் அகலித்தது. ஆவியோடு சமையலறை மணம் ஒன்று வந்தது. இவர் மணந்து பார்த்துவிட்டு அப்படியே குந்தியிருந்தார்.

"அன்ரி, இதிலை மஞ்சளும் இருந்ததோ?"

"எண்ணெய் எண்டு சொன்னனானெல்லே!"

ஆலாத்திக்கு மஞ்சள்தண்ணியில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். எங்கள் கலியாணத்துக்கு அந்தச் சிவப்புத் தண்ணியைச் சுற்றித்தானே இவரை உள்ளே எடுத்தார்கள்! சாமானில் இருந்த காரமும் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறது. லேபிள் வாசிப்பார், நூல் கொளுத்துவார், ஆனால் இது மூளைக்கு எட்டவில்லை. எனக்கும் எட்டவில்லை, நான் மட்டும் என்ன திறம்.

அன்ரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "நல்ல காரியத்துக்கு முதல் என்ரை வீட்டை ரத்தக்களரி ஆக்கிப்போட்டீர் தம்பி. ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். பிறகு அறையை விடுங்கோ ரெண்டுபேரும்."

அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்தேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, அன்ரி மேலும், இவர் மேலும், அந்த நாசமாய்ப்போன காப்பெட் மேலும். அப்போதுதான் முன்கதவில் தட்டினார்கள்.

ஒழுங்கை முழுக்கச் சோதனை. ஒரு பொலிஸ் சாஜனும் இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். சப்பாத்தோடு காப்பெட்டில் ஏறியபோது அன்ரி கண்ணை மூடித் திறந்தார். சாஜன் அடையாள அட்டைகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். ஈரமாய், சிவப்பாய், பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருவர் கையில் பிரஷோடு.

"மே லே நேத?" இது இரத்தம்தானே என்று கேட்டார்.

"நே சேர். கஹ, சேர், கஹ." இல்லை, மஞ்சள் என்றார் இவர்.

சிங்களத்திலும் கிழங்குக்கும் நிறத்துக்கும் ஒரே பெயர், எங்கள் மஞ்சளைப் போலத்தான். இரண்டு மொழியும் ஒத்துப்போன இந்த இடத்தில்தான் எங்களுக்கு வினை வந்தது. சிவந்து கிடக்கிறதைக் காட்டி இவர் மஞ்சள், மஞ்சள் என்கிறார்.

"கஹ? மேக ரத்து நே!" மஞ்சளோ, இது சிவப்பெல்லோ என்றார் சாஜன். தன்னைப் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டார். போத்தலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். லேபிள் இல்லை. யாருடைய இரத்தம், எதை ஊற்றிக் கழுவுகிறாய், காயப்பட்ட ஆள் எங்கே என்று கேள்வி ஓடியது. இவர் பிரஷைத் தூக்கிக் காட்டி, சோப் சேர், சோப் என்றார். ஒரு ஆமிக்காரன் இவருடைய சேட்டுக் கொலரில் கை வைத்தான். நான் அறைக் கதவடியில் நின்றேன். அறை போனால் போகட்டும், ஆளைத் தந்தால் போதும் என்று நயினாதீவு அம்மாளைக் கூப்பிட்டேன்.

"மாத்தயா, பொட்டக் இன்ன." ஐயா, கொஞ்சம் பொறுங்கோ என்றார் அன்ரி. நாற்பது வருஷம் கொழும்பில் இருந்தவரின் சிங்களம், சாஜன் திரும்பிப் பார்த்தார்.

அன்ரி குசினிக்குள் போய் மஞ்சள் தூளைத் தண்ணியில் கரைத்து ஒரு கிளாசோடு வந்தார். ஒரு கோப்பையில் ஊற்றிக் கலந்து காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அன்ரி கோப்பை தேடவில்லை. சோபாவுக்கு முன்னால், ஒரு பொட்டு ஊத்தையும் இல்லாத இடத்தில், தன் மனிதர் குவைத்திலிருந்து சுமந்து வந்த காப்பெட்டில், அப்படியே ஊற்றினார்.

"மே கஹத?" இது கஹதானே?

"கஹ" என்றார் சாஜன்.

அன்ரி அவருடைய கையிலிருந்த போத்தலை வாங்கி அதன்மேல் கவிழ்த்தார். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்க, அது சிவந்தது. நடுவில் கிடந்த அதே சிவப்பு.

"தென்?" இப்போ?

சாஜன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "ரத்து" என்றார். போத்தலை மணந்து பார்த்துத் தும்மினார். பூசைத் தட்டத்தைத் தான்தான் தவறவிட்டதாகவும், எண்ணெயோடு மஞ்சளும் கொட்டுப்பட்டதாகவும், வெட்கத்தில் இந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதாகவும் அன்ரி சிங்களத்தில் சொன்னார். எங்களுக்குத் தமிழில் சொல்லாததைச் சாஜனுக்குச் சிங்களத்தில் சொன்னார். கொலரில் இருந்த கை எடுபட்டது. போகும்போது சாஜன், போத்தலுக்கு லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அன்ரி வந்து அறை வாசலில் நின்றார். கட்டிலில் கிடந்த பையைப் பார்த்தார். "அதைத் திரும்ப உள்ளுக்கை தள்ளு பிள்ளை" என்றார். நான் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

இவர் அன்றைக்கே தேசிக்காய்த் தண்ணியால் சிவப்பை மஞ்சளாக்கி, சாமான் மிச்சமில்லாமல் உறிஞ்சி எடுத்து, சப்பாத்து அடையாளங்களையும் கழுவி, காப்பெட்டை மொட்டைமாடி வெயிலில் விரித்தார். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை எழுத்துக்கு முதல் நடுக்கறை இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அன்ரி ஊற்றியது மட்டும் புதிதானபடியால் இளமஞ்சளாய்த் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் வெயிலில் போட்டால் அதுவும் போய்விடும் என்று இவர் சுருட்டப் போனார்.

"அது கிடக்கட்டும் தம்பி" என்றார் அன்ரி. "திரும்ப வந்தாங்களெண்டால் காட்ட வேணும்."